மவுத்தானவரின் பெயரில் வரும் பணம்

 



ஆம்பூர்ப் பக்கத்தில் ஒரு பள்ளிவாசலில் ஜும்ஆ முடிந்து வெளியே வந்துகொண்டிருந்தோம். ஒரு வாலிபர் நம் அருகில் வந்து ஸலாம் சொன்னார். ஷூ கம்பெனியில் கட்டிங் பிரிவில் வேலை பார்ப்பவர். தாயார் மவுத்தாகி நான்கு மாதங்கள் ஆகியிருந்தன. சட்டைப் பையிலிருந்து ஏ.டி.எம். அட்டை ஒன்றை எடுத்துக் காட்டினார்.

"ஹஜ்ரத், இது அம்மாவுடைய கார்டு. முதியோர் பென்ஷன் இதுலதான் வரும். அம்மா போன பிறகும் மூணு மாசமா பணம் வந்திருக்கு. நாங்க யாருகிட்டயும் கேட்டு வாங்கல, தானா வந்தது. அதை எடுத்து அம்மா பேர்ல ஏழைங்களுக்குச் சாப்பாடு போடலாமா?"

எண்ணம் நல்ல எண்ணம்தான். தாய்க்கு நன்மை சேர வேண்டும் என்ற ஆசை அந்த முகத்தில் தெரிந்தது. பதில் சொல்லுமுன் நாம் ஒரு கேள்வி கேட்டோம்: "தம்பி, அத்தா என்ன வேலை பார்த்தார்கள்?" டேனரியில் இருபது வருடத்துக்கு மேல் வேலை பார்த்தவராம். வேலையில் இருக்கும்போதே மவுத்தாகிவிட்டாராம். "பி.எப். பணம் வாங்கினீர்களா? அம்மாவுக்கு விதவைப் பென்ஷன் வந்ததா?" என்றோம். "அதெல்லாம் யாருக்கும் தெரியல ஹஜ்ரத். அப்ப நாங்க சின்னப் புள்ளைங்க" என்றார்.

அன்பர்களே, அந்தப் பிள்ளையின் நிலைமையைப் பாருங்கள். எடுக்கக் கூடாத பணம் அவர் கையருகே இருந்தது. கேட்டு வாங்க வேண்டிய பணம் எங்கோ ஓர் ஆபீஸில் ஏட்டில் கிடந்தது. இது அவருடைய வீட்டில் மட்டும் நடந்ததல்ல. வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை என்று பாலாற்றங்கரை நெடுகிலும் தோலையும் செருப்பையும் நம்பி வாழும் எத்தனையோ குடும்பங்களின் நிலையும் இதுதான். ஆகவே இந்த மாதம் இதைப்பற்றியே சற்று விரிவாகப் பேசுவோம்.

மூன்று வகைப் பணம்

ஒருவர் மவுத்தான பிறகு அவர் பெயரில் சர்க்காரிடமிருந்தோ கம்பெனியிடமிருந்தோ வரும் பணத்தை மூன்றாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். இந்தப் பிரிவினை தெரியாததால்தான் ஹலாலும் ஹராமும் ஒரே பையில் கலந்துவிடுகின்றன.

முதலாவது, அவர் உயிரோடிருந்தபோதே அவருக்குச் சொந்தமாகிவிட்ட பணம். சம்பளத்தில் பிடித்த பி.எப்., அதற்கு ஈடாக முதலாளி செலுத்திய பங்கு, வாங்காமல் நின்றுபோன சம்பளம், போனஸ், அவர் செய்த வேலைக்குக் கூலியாகச் சேர்ந்த பணிக்கொடை, அவர் வாழ்ந்த நாட்களுக்கு வரவேண்டிய ஓய்வூதிய நிலுவை, மவுத்துக்கு முன்பே பாங்கியில் ஏறியிருந்த தொகை ஆகியவை இவ்வகை. இது அவர் விட்டுச் சென்ற சொத்து, தரிகா. இதில் எல்லா வாரிசுகளுக்கும் பங்குண்டு.

இரண்டாவது, அவர் மவுத்துக்குப் பிறகு இன்னாருக்கு என்று சர்க்கார் தனியே வழங்கும் உதவி. மனைவிக்கு மாதாமாதம் வரும் குடும்ப ஓய்வூதியம், 25 வயது வரை பிள்ளைகளுக்கு வரும் ஓய்வூதியம் ஆகியவை இவ்வகை. மவுத்தானவருக்கு இது ஒருநாளும் சொந்தமாக இருந்ததில்லை. மீராஸ் என்பது மவுத்தானவருக்குச் சொந்தமாக இருந்த பொருளில்தான் ஓடும். ஓய்வூதியம் சர்க்காரின் நன்கொடை, அதை யாருக்குக் கொடுக்கிறதோ அவருக்கே அது உரியது என்று மவ்லானா அஷ்ரப் அலீ தானவி (ரஹ்) அவர்கள் தம் இம்தாதுல் ஃபதாவாவில் விளக்கியிருக்கிறார்கள். ஆகவே விதவைத் தாயின் பென்ஷனை மகன்மார் பங்கு கேட்க முடியாது. பென்ஷன் பாஸ் புத்தகத்தை மருமகள் பீரோவில் பூட்டி வைத்துவிட்டு, மாமியாரை மருந்துக்குக் கையேந்த வைப்பதும் கூடாது.

மூன்றாவது, யாருக்கும் உரிமையில்லாமல், தகவல் போய்ச் சேராததால் மட்டும் வந்து விழும் பணம். அந்த வாலிபரின் தாயார் மவுத்தான பிறகு ஏறிய மூன்று மாத முதியோர் பென்ஷன் இவ்வகை. அது தாயின் சொத்துமல்ல, பிள்ளைகளின் சொத்துமல்ல. பொதுமக்களின் கஜானாவுக்குச் சொந்தமானது.

நெருப்பாலான செருப்பு வார்

"தானா வந்ததுதானே" என்று அந்தப் பிள்ளை சொன்ன சொல்லை நாம் எளிதாக விட்டுவிட முடியாது. கைபர் போர் முடிந்து திரும்பும் வழியில் நடந்ததைக் கேளுங்கள்.

நபி (ஸல்) அவர்களுக்குப் பணிவிடை செய்துவந்த மித்அம் என்ற அடிமை, ஒட்டகச் சேணத்தை இறக்கிக்கொண்டிருந்தபோது எங்கிருந்தோ பாய்ந்த அம்பு தைத்து மாண்டுபோனார். கூடியிருந்தவர்கள் அவருக்கு ஷஹீதின் பதவி கிடைத்தது என்று வாழ்த்தினார்கள். காருண்ய நபி (ஸல்) அவர்களோ, அப்படியல்ல என்று மறுத்தார்கள். பங்கீடு ஆகுமுன் கனீமத்துப் பொருளிலிருந்து அவர் எடுத்துக்கொண்ட ஒரு போர்வை அவர் மேல் நெருப்பாய் எரிந்துகொண்டிருக்கிறது என்று அறிவித்தார்கள். அதைக் கேட்டதும் ஒருவர் ஓடிவந்து ஒன்றோ இரண்டோ செருப்பு வாரைக் கொண்டுவந்து போட்டார். அதுவும் நெருப்பு வார்தான் என்றார்கள் அண்ணல் நபி (ஸல்) அவர்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவான நிகழ்ச்சி இது.

செருப்பு வாரின் விலை நமக்குத் தெரியாததல்ல. நம் ஊர்த் தொழிலே அதுதான். வெட்டித் தள்ளிய துண்டுத் தோலில் எத்தனையோ வார் எடுக்கலாம். அத்தனை அற்பமான பொருள்கூடப் பொதுச் சொத்திலிருந்து உரிமையின்றி வந்தால் நெருப்பு என்றால், மூன்று மாதப் பென்ஷன் என்னவாகும்?

அந்த நெருப்பில் சமைத்து ஏழைக்குப் போட்டால் தாய்க்கு நன்மை போய்ச் சேருமா? அல்லாஹ் தூய்மையானவன், தூய்மையானதையே ஏற்றுக்கொள்கிறான். தாய்க்கு நன்மை சேர்க்க ஆசைப்படும் பிள்ளை தன் ஹலாலான சம்பாத்தியத்திலிருந்து ஒரு படி அரிசி கொடுத்தாலும் போதும்.

செய்ய வேண்டியது இதுதான். மரணச் சான்றிதழின் நகலை வைத்துப் பாங்கிக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். தாலுகா ஆபீஸில் சமூகப் பாதுகாப்புத் திட்டத்தின் தனி வட்டாட்சியருக்கும் தகவல் தர வேண்டும். மவுத்துக்குப் பிறகு ஏறிய தொகை கணக்கிலிருந்து சர்க்காருக்கே திரும்பிப் போகட்டும். எடுத்துச் செலவழித்துவிட்டவர்கள் அதைக் கட்டிவிட வேண்டும். மவுத்துக்கு முன் ஏறி மிச்சமிருக்கும் பணம் வாரிசுகளுக்கு உண்டு; அதையும்கூட முறைப்படி விண்ணப்பித்துத்தான் வாங்க வேண்டும். இறந்தவரின் அட்டையையும் ரகசிய எண்ணையும் வைத்து எடுப்பது முறையல்ல. கூடப் பிறந்தவர்களுக்குத் தெரியாமல் எடுத்தால் அது மோசடியுமாகும்.

இதே இனத்தில் இன்னொன்றும் உண்டு. பி.எப். திட்டத்தின் விதவை ஓய்வூதியம் மறுமணம் செய்தால் நின்றுவிடும். அதற்காகவே நிக்காஹ்வை மறைத்துப் பென்ஷனை வாங்கிக்கொண்டிருப்பவர்களும் இருக்கிறார்கள். விதவை மறுமணம் செய்வது சுன்னத்துக்கு உகந்த நல்ல காரியம். அதைப் பொய்யின் மேல் கட்டலாமா?

அஷ்யமின் மனைவி

எடுக்கக் கூடாததைச் சொன்னோம். இனி, கேட்டு வாங்க வேண்டியதைச் சொல்வோம். "மவுத்துக்குப் பிறகு வரும் பணத்தில் பொம்பளைக்கு என்ன பாத்தியதை?" என்று கேட்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். இதே எண்ணம் ஒரு காலத்தில் மாபெரும் கலீஃபா ஒருவரின் தீர்ப்பிலும் இருந்தது, அது திருத்தப்பட்டது.

கொலையுண்டவருக்காக வரும் ஈட்டுத் தொகைக்கு தியத் என்று பெயர். அது ஒருவர் இறந்த பிறகுதான் வருகிறது. ஹஜ்ரத் உமர் (ரலி) அவர்கள், தியத் ஆண்வழி உறவினருக்கே உரியது, கணவனின் தியத்தில் மனைவிக்குப் பங்கில்லை என்று கருதியிருந்தார்கள். அப்போது ளஹ்ஹாக் இப்னு சுஃப்யான் (ரலி) அவர்கள் எழுந்து, அஷ்யம் அள்ளிபாபீ என்பவரின் தியத்திலிருந்து அவர் மனைவிக்கு வாரிசுப் பங்கு கொடுக்கும்படி ரஸூலுல்லாஹ் (ஸல்) அவர்கள் தமக்குக் கடிதம் எழுதியிருந்ததை எடுத்துச் சொன்னார்கள். உமர் (ரலி) அவர்கள் அக்கணமே தம் கருத்தைக் கைவிட்டார்கள். அபூதாவூத், திர்மிதீ ஆகிய கிரந்தங்களில் இது வந்துள்ளது.

எவ்வளவு பெரிய ஆட்சி! பாரசீகமும் ரோமும் அஞ்சிய மனிதர், எங்கோ ஒரு பாலைவனக் கூட்டத்தைச் சேர்ந்த விதவையின் பங்குக்காகத் தம் தீர்ப்பை மாற்றிக்கொண்டார். நம் வீட்டில் மூத்த அண்ணன் ஒரு முடிவு சொல்லிவிட்டால் அதை மாற்ற எத்தனை பஞ்சாயத்து வேண்டியிருக்கிறது!

உஹதில் ஷஹீதான ஸஅது இப்னு ரபீஉ (ரலி) அவர்களின் மனைவி இரண்டு பெண் பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு நபியவர்களின் சமுகத்துக்கு வந்ததும் நினைவுகூரத் தக்கது. பிள்ளைகளின் சிற்றப்பன் சொத்து முழுவதையும் எடுத்துக்கொண்டார். பொருளில்லாமல் இப்பெண்களை எப்படிக் கட்டிக்கொடுப்பேன் என்று அத்தாய் முறையிட்டார். மீராஸின் வசனம் இறங்கியது. நபி (ஸல்) அவர்கள் அச்சிற்றப்பனை அழைத்து, பெண்கள் இருவருக்கும் மூன்றில் இரண்டு, தாய்க்கு எட்டில் ஒன்று, மீதிதான் உமக்கு என்று உத்தரவிட்டார்கள். அந்தத் தாய் வாய் திறந்து கேட்டார் என்பதைக் கவனியுங்கள். உரிமையைக் கேட்பது பேராசையல்ல, அடக்கமின்மையுமல்ல.

நாமினி என்பவர் உரிமையாளரா?

பி.எப். படிவத்தில் யார் பெயர் எழுதியிருக்கிறதோ அவருக்குத்தான் பணம் என்று பலர் நினைக்கிறார்கள். ஆபீஸ் அவர் கையில் கொடுக்கும் என்பது உண்மை. ஆனால் ஷரீஅத்தில் நாமினி என்பவர் அமானிதமாக வாங்கி வருபவர், அவ்வளவுதான். வாங்கியதை வாரிசுகளுக்குப் பிரித்துக் கொடுப்பது அவர் கடமை. அவரே ஒரு வாரிசாக இருந்தால் தம் பங்கை வைத்துக்கொள்ளலாம். வாரிசு ஒருவருக்காகத் தனியே வஸிய்யத் செய்வது மற்ற வாரிசுகள் சம்மதித்தாலன்றிச் செல்லாது. வெறும் படிவத்தில் எழுதிய பெயர் எப்படி அல்லாஹ்வின் பங்கீட்டை மாற்றும்?

நாட்டின் நீதிமன்றமும் இதற்கு நெருக்கமாகப் பேசியதுண்டு. ஆயுள் காப்பீட்டு வழக்கொன்றில் 1984-இல் சுப்ரீம் கோர்ட், நாமினி என்பவர் பணத்தைப் பெற்றுக்கொள்ளும் கை மாத்திரமே, உரிமை வாரிசுச் சட்டப்படிதான் என்று தீர்ப்பளித்தது. 2015-இல் காப்பீட்டுச் சட்டம் திருத்தப்பட்டது. மனைவி, மக்கள், பெற்றோர் நாமினியாக இருந்தால் பணம் அவர்களுக்கே உரியது என்று ஆயிற்று. 2023-இல் கம்பெனிப் பங்குகள் பற்றிய வழக்கில் சுப்ரீம் கோர்ட், நாமினியாக இருப்பதால் மட்டும் வாரிசுகளின் உரிமை போய்விடாது என்றது. மனிதர்களின் சட்டம் காலத்துக்குக் காலம் மாறும். அந்நிஸா அத்தியாயத்தின் பங்கு மாறாது.

நாமினியே எழுதப்படாவிட்டால் என்ன நடக்கும் தெரியுமா? 1952-ஆம் ஆண்டின் வைப்பு நிதித் திட்டத்தில் எழுதிய விதிப்படி, குடும்பத்தாருக்குச் சமபங்காகக் கொடுப்பார்கள். ஆனால் வயது வந்த மகனையும், கணவன் உயிரோடிருக்கும் மகளையும் சேர்க்கமாட்டார்கள். கையை நம்பி வாழ்ந்தவர்களுக்கு உதவி போக வேண்டும் என்பது அதன் நோக்கம். ஆபீஸ் தன் விதிப்படி கொடுக்கட்டும். வாங்கி வந்த பிறகு வீட்டில் அமர்ந்து அல்லாஹ்வின் கணக்குப்படி மறுபடி பிரிப்பது நம் பொறுப்பு. கட்டிக்கொடுத்த மகளுக்கு ஆபீஸ் பங்கு தராவிட்டாலும் அல்லாஹ் தந்திருக்கிறான்.

முதலில் கடன்

பிரிக்குமுன் ஒழுங்கு முறை ஒன்றுண்டு. முதலில் கஃபன், அடக்கச் செலவு. அடுத்தது கடன். மனைவிக்குக் கொடுக்காமல் நிறுத்திய மஹரும் கடன்தான் என்பதை மறக்க வேண்டாம். பிறகு வாரிசல்லாதவருக்குச் செய்த வஸிய்யத், மூன்றில் ஒரு பாகத்துக்கு மேற்படாமல். அதன் பின்னரே வாரிசுகளின் பங்கு.

பி.எப். பணத்தைக் கடன்காரர் ஜப்தி செய்ய முடியாதபடி 1952-ஆம் ஆண்டுச் சட்டமே பாதுகாப்பு வைத்தது. ஏழைக் குடும்பத்தைக் காக்க வந்த ஏற்பாடு அது. ஆனால் அதைக் காட்டி, "அத்தா வாங்கிய கடனுக்கும் இந்தப் பணத்துக்கும் சம்பந்தமில்லை" என்று மளிகைக் கடைக்காரரைத் திருப்பி அனுப்பக் கூடாது. கோர்ட்டில் அந்தப் பதில் செல்லும், கப்ரில் செல்லாது. கடன் தீரும் வரை முஃமினின் ஆன்மா அதனோடு கட்டுண்டு நிற்கிறது என்று நபிமொழி எச்சரிக்கிறது. அத்தாவை அங்கே கட்டிப் போட்டுவிட்டு அவர் பணத்தில் நாம் ஃப்ரிட்ஜ் வாங்குவதா?

ஒரு கணக்கைப் பார்ப்போம். ஒருவர் மவுத்தானார். பி.எப்.பும் பணிக்கொடையும் சேர்த்து 5,20,000 ரூபாய் வந்தது. அவருக்கு மனைவி, வயதான தாய், இரண்டு மகன்கள், ஒரு மகள். கடனும் மஹரும் சேர்ந்து 40,000. அதைக் கொடுத்தபின் மிச்சம் 4,80,000. மனைவிக்கு எட்டில் ஒன்று 60,000. தாய்க்கு ஆறில் ஒன்று 80,000. மீதி 3,40,000-ஐ ஐந்து பாகமாக்கினால் ஒரு பாகம் 68,000. மகன்கள் ஒவ்வொருவருக்கும் இரண்டு பாகம், 1,36,000. மகளுக்கு ஒரு பாகம், 68,000.

இதில் அதிகமாக மறக்கப்படுபவர் அந்த வயதான தாய்தான். மகன் போன துக்கத்தில் மூலையில் கிடக்கும் கிழவிக்குப் பணம் எதற்கு என்று விட்டுவிடுகிறார்கள். அவருக்கு மருமகளைவிடப் பங்கு கூடுதல் என்பது பலருக்குத் தெரிவதில்லை.

இன்று ஷூ கம்பெனிகளில் வேலை செய்வோரில் பெண்களே ஏராளம். அப்படி ஒரு தாய் மவுத்தானால் அவர் உழைப்பின் பணமும் மீராஸ்தான். கணவன், ஒரு மகன், ஒரு மகள் இருந்து, கடன் போக 2,40,000 மிஞ்சினால், கணவனுக்கு நான்கில் ஒன்று 60,000, மகனுக்கு 1,20,000, மகளுக்கு 60,000. பெண்ணின் பெற்றோர் உயிரோடிருந்தால் அவர்களுக்கும் பங்குண்டு, கணக்கு மாறும். முழுவதையும் கணவன் எடுத்து அடுத்த கல்யாணத்துக்குச் செலவழிக்க முடியாது.

பி.எப்.பில் சேரும் வட்டி பற்றிச் சிலர் கேட்பார்கள். கட்டாயமாகப் பிடிக்கும் தொகையின் மேல் சேர்த்துத் தருவது ரிபா ஆகாது என்று முஃப்தி முஹம்மது ஷஃபீ (ரஹ்) போன்ற பெரியோர் விளக்கியுள்ளனர். சொந்த விருப்பத்தில் கூடுதலாகக் கட்டியதன் வட்டியில் பேணுதல் வேண்டும். பாங்கி சேமிப்புக் கணக்கின் வட்டி வேறு விஷயம். அதைப் பிரித்து நன்மை நாடாமல் ஏழைக்குக் கொடுத்துவிட வேண்டும். மவுத்துக்குப் பின் வரும் காப்பீட்டுத் தொகையின் பங்கீட்டை ஊர் ஆலிமிடம் விவரம் சொல்லிக் கேட்டுச் செய்யுங்கள்.

நம் வீட்டில் நடந்தது

மற்றவர்களுக்குச் சொல்லுமுன் நம் வீட்டுக் கதையை மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். மறைத்தால் இந்த உபதேசத்துக்குப் பரக்கத் இராது.

நம் அத்தா டேனரியில் சுண்ணாம்புக் குழியில் உழைத்தவர். உள்ளங்கால் வெடித்து, விரல் நகங்கள் வெளுத்துப் போயிருக்கும். 1994-இல் மவுத்தானார். அம்மா முன்பே போய்விட்டார். நாம் சகோதரர்கள் மூவர், சகோதரிகள் இருவர். பி.எப். பணம் 40,000 ரூபாய் வந்தது. மூன்று பேரும் ஆளுக்கு 13,333 என்று பங்கிட்டுக்கொண்டோம். அக்காவிடமும் தங்கையிடமும் பேச்சுக்குக் கேட்டோம். "உங்களுக்குத்தான் கல்யாணத்துல அத்தா நகை போட்டாரே" என்றும் சேர்த்துச் சொன்னோம். அக்கா தலையைக் குனிந்துகொண்டு, "எங்களுக்கு எதுக்கு தம்பி, நீங்களே வெச்சுக்குங்க" என்றார். மாப் செய்துவிட்டார்கள் என்று நாமும் நிம்மதியாக எழுந்து வந்தோம்.

பல வருடங்களுக்குப் பிறகு, ஜகாத் சம்பந்தமாக ஒரு மஸ்அலா கேட்க நம் உஸ்தாத் ஒருவரிடம் போனோம். பேச்சுவாக்கில் இந்த விஷயம் வந்தது. ஹஜ்ரத் அவர்கள் நம்மை உற்றுப் பார்த்து, "அவங்க பங்கை எண்ணி அவங்க கையில வெச்சீங்களா? வெச்ச பிறகு திருப்பிக் கொடுத்தாங்களா?" என்று கேட்டார்கள். நாம் வாய் திறக்கவில்லை. "கையில வராததை விட்டுக் கொடுக்கறது என்ன மாப்? தாய்வீட்டு வாசல் அடைஞ்சு போயிடும்ங்கற பயத்துல சொன்ன வார்த்தை அது. வெட்கத்தால வாங்கின சம்மதம் சம்மதமில்லப்பா" என்றார்கள்.

கணக்குப் போட்டோம். எட்டுப் பாகம், பாகத்துக்கு 5,000. சகோதரிகள் இருவருக்கும் ஆளுக்கு 5,000. அக்காவிடம் ஓடினால் அவர் இல்லை. அதற்கு முந்திய வருடமே மவுத்தாகிவிட்டிருந்தார். பணத்தை அக்காவின் மகளிடம் கொடுத்தோம், அவர் வீட்டு வாரிசுகளுக்குள் பிரித்துக்கொள்ளும்படி. அந்தப் பெண் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "மாமா, தாத்தா மவுத்தான வருஷம்தான் அம்மா கம்மலை அடகு வெச்சாங்க. மீட்க முடியாம முழுகிப் போச்சு. அதுக்கப்புறம் அம்மா காதுல ஒண்ணும் போட்டதில்ல."

பீடி சுற்றிய விரல்களால் நமக்குச் சோறு பிசைந்து ஊட்டிய அக்கா அவர். ஒவ்வொரு பெருநாளைக்கும் அந்த வெறும் காதை நாம் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம். ஏன் என்று கேட்கவில்லை. அவர் காதில் இருந்திருக்க வேண்டியது நம் வீட்டுத் தரையில் சிமெண்டாகக் கிடந்தது.

பணத்தைக் கொடுத்துவிட்டோம். தங்கைக்கும் கொடுத்தோம். ஆனால் அக்கா கேட்டு வாங்கும் நாள் ஒன்று இருக்கிறது; அங்கே ரூபாய் செல்லாது. அந்த அச்சத்தோடுதான் இதை எழுதுகிறோம். உங்களில் யாருடைய அக்கா இன்னும் உயிரோடு இருக்கிறாரோ, அவர் இந்தப் பத்திரிகையை மூடி வைத்துவிட்டு இன்றைக்கே புறப்பட்டுப் போகட்டும்.

வாரிசுப் பங்குக்காக வாதாடிய இருவரிடம் நபி (ஸல்) அவர்கள், வாக்குவன்மையால் ஒருவருக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தாலும், சகோதரனின் உரிமை அதில் இருந்தால் அது நெருப்புத் துண்டுதான் என்று எச்சரித்தார்கள். அதைக் கேட்டு இருவரும் அழுதார்கள். என் பங்கு உனக்கே என்று ஒருவருக்கொருவர் சொன்னார்கள். அப்போதும் நபியவர்கள் அப்படியே விட்டுவிடவில்லை. நியாயமாகப் பங்கிட்டு, சீட்டுப் போட்டு எடுத்து, அதன்பின் ஒருவரையொருவர் மன்னித்துக்கொள்ளச் சொன்னார்கள். பங்கீடு முதலில், மன்னிப்பு அடுத்தது. நம் வீடுகளில் இந்த வரிசை தலைகீழாகிவிட்டது.

எப்படிக் கேட்டு வாங்குவது?

மரணத்தை 21 நாட்களுக்குள் நகராட்சியிலோ ஊராட்சியிலோ பதிந்துகொள்ளுங்கள். இ-சேவை மையம் வழியாகத் தாசில்தாரிடம் வாரிசுச் சான்றிதழுக்கு விண்ணப்பியுங்கள். அதில் கட்டிக்கொடுத்த பெண்களின் பெயரை விட்டுவிடாதீர்கள். பொய்ச் சாட்சியத்தின் முதல் வாசல் அதுதான்.

பிறகு கம்பெனியையும் வைப்பு நிதி ஆபீஸையும் அணுகுங்கள். பி.எப். பணத்துக்கு 20-ஆம் படிவம், ஓய்வூதியத்துக்கு 10-டி, காப்பீட்டுக்கு 5-ஐ.எப். என்று தனித்தனியே இருந்தவற்றை, மரணக் கோரிக்கைக்கென 2017-இல் ஒரே கூட்டுப் படிவமாக்கினார்கள். 1995 நவம்பர் 16-இல் தொடங்கிய ஓய்வூதியத் திட்டத்தில், வேலையில் இருக்கும்போது மவுத்தானவர் ஒரு மாதச் சந்தா கட்டியிருந்தாலும் மனைவி மக்களுக்கு ஓய்வூதிய உரிமை உண்டு. அதற்கு முன்பு 1971-இலிருந்து குடும்ப ஓய்வூதியத் திட்டம் இருந்தது. வேலையில் இருக்கும்போது மவுத்தானால் காப்பீடும் உண்டு. 2021-இல் அதன் உச்ச அளவு 7 லட்சமாக இருந்தது. பணிக்கொடைக்கு ஐந்து வருடச் சேவை வேண்டும் என்ற நிபந்தனை மரணத்துக்குப் பொருந்தாது. இதையெல்லாம் அறியாமல் எத்தனை விதவைகள் வெறுங்கையோடு இருந்துவிட்டார்கள்!

ஒரு எச்சரிக்கை. இத்தா இருக்கும் பெண்ணிடம் வெற்றுத் தாளில் கைநாட்டு வாங்கிக்கொண்டு போகும் வழக்கம் சில வீடுகளில் இருக்கிறது. இத்தா அவர் உரிமையைப் பறிக்கும் காலமல்ல. கணவன் மவுத்தான இத்தாவில் அவசியத் தேவைக்குப் பகலில் வெளியே சென்று இரவில் வீடு திரும்ப ஹனஃபீ மத்ஹபில் அனுமதி உண்டு. அவசரமில்லையென்றால் நான்கு மாதம் பத்து நாள் கழித்து அவரையே அழைத்துச் செல்லுங்கள். எதில் கையெழுத்திடுகிறார் என்பதைப் படித்துக் காட்டுங்கள். எத்தீம் பிள்ளைகளின் பங்கைத் தனிக் கணக்கில் போடுங்கள். எத்தீமின் பொருளை அநியாயமாகத் தின்பவர் வயிற்றில் நெருப்பையே நிரப்புகிறார் என்று அதே அந்நிஸா அத்தியாயத்தின் 10-ஆவது வசனம் கூறுவதை நினைவில் வையுங்கள்.

அந்த வாலிபருக்கும் இதையே சொன்னோம். அத்தாவின் பழைய பி.எப். எண்ணைத் தேடும்படியும், கிடைத்தால் அதில் தாயாருக்கு உரிய எட்டில் ஒன்று இப்போது தாயாரின் வாரிசுகளுக்குப் போகும் என்றும் விளக்கினோம். ஏ.டி.எம். அட்டையைச் சட்டைப் பையில் வைக்கப் போனவர், சற்று நின்று, அதை நம் முன்னாலேயே இரண்டாக ஒடித்தார்.

உயிரோடிருக்கும்போதே

பெரியவர்களே, பிள்ளைகளை இந்தச் சோதனையில் விட்டுவிட்டுப் போகாதீர்கள். சொல்ல வேண்டியது உள்ள ஒரு முஸ்லிம் தன் வஸிய்யத்தை எழுதி வைக்காமல் இரண்டு இரவுகள் கழிக்கலாகாது என்பது நபிமொழி. ஒரு சாதாரண நோட்டுப் புத்தகம் போதும். பி.எப். எண், பாங்கிக் கணக்கு, கொடுக்க வேண்டிய கடன், வர வேண்டிய கடன், பாக்கி மஹர் இவற்றை எழுதி வையுங்கள். கல்யாணத்துக்கு முன் எழுதிய நாமினி பெயரைப் புதுப்பியுங்கள். நாமினியாக எழுதுபவரை எல்லோர் முன்னிலையிலும் உட்காரவைத்து, "இது உனக்கல்ல, நீ வாங்கி எல்லோருக்கும் ஷரீஅத்துப்படி பிரிக்க வேண்டும்" என்று சொல்லிவிடுங்கள்.

சுண்ணாம்பிலும் ஆவாரம் பட்டையிலும் கைகால் வெந்து நம்மை வளர்த்தவர்கள் நம் பெற்றோர். அவர்கள் விட்டுச் சென்ற ரூபாய் எத்தனை என்பது பெரிதல்ல. அது பிள்ளைகளைப் பிரித்ததா, சேர்த்ததா என்பதுதான் கப்ரில் இருக்கும் அவர்களுக்குப் பெரிது.

யா அல்லாஹ்! எங்கள் பெற்றோரின் பாவங்களை மன்னித்து அவர்களின் கப்ரை விசாலமாக்குவாயாக! எங்களுக்கு உரிமையில்லாத பொருளை விட்டும் எங்கள் கைகளைக் காப்பாயாக! எங்கள் சகோதரிகளின் ஹக்கை அவர்கள் உயிரோடிருக்கும்போதே கொடுத்து முடிக்கும் தைரியத்தை எங்களுக்குத் தருவாயாக! விதவைகளும் எத்தீம்களும் எங்களுக்காகத் துஆச் செய்யும்படி எங்களை வாழ வைப்பாயாக! ஆமீன், யாரப்பல் ஆலமீன்.